எரிந்த நிலத்தில் பழுத்த அத்தி: லான்சரோட்டேத் தீவின் குழிச் சாகுபடி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு மரங்கள்

ஸ்பெயினுக்கு உரிய கேனரித் தீவுகளுள் ஒன்றான லான்சரோட்டேத் தீவில் இரண்டு அத்திமரங்களைப் பற்றிய பேச்சு இன்றும் வழங்குகிறது. முதல் மரம் காய்க்கவே இல்லை. திமன்ஃபாயா எரிமலை வெளியின் நடுவில், இலாரியோ மேடு என்று பெயர் பெற்ற இடத்தில், இலாரியோ என்னும் துறவி ஒரு பெண் ஒட்டகத்தை மட்டும் துணையாகக் கொண்டு ஐம்பது ஆண்டுகள் தனியே வாழ்ந்தார் என்பது கதை. அவர் அங்கே ஓர் அத்தியை நட்டார். அது வேர்பிடித்தது, இலையும் விட்டது. ஆனால் நெருப்பை உண்டு பூ வளராது என்பதால் ஒரு பழமும் தரவில்லை என்று தீவு மக்கள் சொல்வார்கள். அந்த மேட்டில் இன்று இருக்கும் உணவகத்தில் இக்கதையின் நினைவாக ஓர் அத்திமரத்தை வைத்திருக்கிறார்கள். அங்கே நிலத்தின் அடியிலிருந்து எழும் வெப்பத்திலேயே இறைச்சியை வாட்டிப் பரிமாறுகிறார்கள்.

இரண்டாவது மரம் கதையில் வருவதன்று. 1960-களின் பிற்பகுதியில் நியூயார்க்கிலிருந்து தாய்மண்ணுக்குத் திரும்பிய ஓவியர் செசார் மன்ரீகே, தாயிச்சே என்னும் ஊருக்கு அருகில், 18-ஆம் நூற்றாண்டில் ஓடி உறைந்த எரிகுழம்பின் கரிய பரப்பில் நடந்தபோது, பாறைக்கு மேலே ஓர் அத்திமரத்தின் பச்சை உச்சி மட்டும் எட்டிப் பார்ப்பதைக் கண்டார். மரத்தின் உடல் முழுவதும் பாறைக்குள் இருந்த ஒரு குடைவில் நின்றது. எரிகுழம்பு உறையும்போது உள்ளே சிக்கிய வளிமங்களால் உண்டான அத்தகைய ஐந்து குமிழ்க் குடைவுகளை இணைத்து, 1968-இல் அந்த இடத்திலேயே அவர் தம் வீட்டைக் கட்டத் தொடங்கினார். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை இப்போது அங்கே இயங்குகிறது.

ஒரே தீவு, ஒரே வெயில், ஒரே எரிமலைத் தொடரின் கழிவு. அப்படியிருக்க ஒரு மரம் மலடாகவும் மற்றொன்று தழைத்தும் சொல்லப்படுவது ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்குகிறது. எரிமலை மண் வளமானது, ஆகவே அதில் விளையும் பழம் இனிக்கிறது என்ற விடை பயண நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. லான்சரோட்டேயைப் பொறுத்தவரை அந்த விடை தவறு என்பது என் கருத்து. அங்கே அத்தியை வளர்ப்பது எரிமலைக்கு முந்தைய பழைய மண். எரிமலை அதற்கு மூடியாக மட்டுமே பயன்படுகிறது.

ஒரு சொல் விளக்கம் இங்கே தேவைப்படுகிறது. இக்கட்டுரையில் அத்தி எனப்படுவது சீமை அத்தி. அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் நம் ஊர் நாட்டு அத்தி அதன் நெருங்கிய உறவு. ஆனால் பழத்தின் சுவையிலும் சதையிலும் இரண்டும் வெகுதூரம் விலகியவை. மருந்துக் கடையிலும் உலர்பழக் கடையிலும் தட்டையாக அழுத்தி மாலைபோல் கோத்துத் தொங்கவிடுகிறார்களே, அதுதான் சீமை அத்தி. கேனரித் தீவுகளில் சப்பாத்திக்கள்ளியின் பழத்தையும் ஒருவகை அத்தியாகவே குறிப்பிடும் வழக்கு உண்டு. அது இந்த ஆய்வுக்குள் வரவில்லை.

1730 முதல் 1736 வரை

லான்சரோட்டே கேனரித் தீவுக்கூட்டத்தில் ஆப்பிரிக்கக் கரைக்கு நெருங்கிய தீவுகளுள் ஒன்று; இடையில் உள்ள கடல் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். பரப்பு 845 சதுர கிலோமீட்டர். தீவின் மிக உயர்ந்த சிகரமே 671 மீட்டர்தான் என்பதால், கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்து மழையாக இறக்கும் அளவுக்கு மலை இல்லை. ஆண்டு மழை 150 மில்லிமீட்டர் அளவில் நிற்கிறது. அதுவும் பெரும்பாலும் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பெய்துவிடும். ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது.

இத்தகைய தீவில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நல்ல தானிய நிலங்கள் இருந்தன என்பதையும், எரிமலை வாய் திறந்தது அந்த நிலங்களின் நடுவில்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இழப்பின் அளவு விளங்கும். 1730 செப்டம்பர் 1 அன்று இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் திமன்ஃபாயா ஊருக்கு அருகில் நிலம் பிளந்தது என்று யாய்சா ஊரின் பங்குத்தந்தை ஆந்த்ரேஸ் லொரென்சோ குர்பேலோ தம் குறிப்பேட்டில் எழுதினார். முதல் இரவிலேயே ஒரு மலை எழுந்து பத்தொன்பது நாள் எரிந்தது. ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. 1731-ஆம் ஆண்டின் இறுதியில் குர்பேலோவும் அவருடைய பங்கு மக்களில் பலரும் கிரான் கனாரியாத் தீவுக்குக் கப்பலேறினர். அத்துடன் குறிப்பேடு நிற்கிறது. வெடிப்பு நிற்கவில்லை, 1736 ஏப்ரல் 16 வரை தொடர்ந்தது. அது ஓய்ந்தபோது தீவின் கால்பகுதி அளவு நிலம் எரிமலைப் பொருளுக்கு அடியில் கிடந்தது. ஜெர்மானிய நிலவியலாளர் லியோபோல்ட் ஃபொன் பூஹ் 1825-இல் வெளியிட்ட தம் நூலில் அந்தக் குறிப்பேட்டைச் சேர்த்ததனால்தான் அது நமக்கு எட்டியிருக்கிறது.

இந்த ஆறாண்டு அழிவு இரண்டு விதமான நிலத்தை விட்டுச் சென்றது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதுபவர்களே எரிமலை வளம் என்ற பொதுச்சொல்லில் வழுக்கி விழுகிறார்கள். குழம்பு ஓடி உறைந்த இடம் ஒருவகை. தீவு மக்கள் அதை மால்பாயிஸ், அதாவது கெட்ட நிலம், என்பார்கள். கத்திமுனைபோல் கூரிய, கால் வைக்க இடமில்லாத பாறை அது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் பெரும்பகுதியில் பாசிக்கூட்டுயிரிகள் மட்டுமே படர்ந்திருக்கின்றன. வானில் வீசப்பட்ட துகள்கள் உதிர்ந்து மூடிய இடம் மற்றொரு வகை. பட்டாணி அளவிலிருந்து நெல்லி அளவு வரையிலான, உள்ளே துளை துளையாக உள்ள கரிய துகள்கள் அவை. லான்சரோட்டேயில் இதற்கு ரோஃபே என்று பெயர். மற்றத் தீவுகளில் பிகோன் என்கிறார்கள். தமிழில் எரிதுகள் என்றே நான் குறிப்பிடுகிறேன். சாம்பல் என்று சொன்னால் அடுப்புச் சாம்பல்போல் பொடியானது என்ற எண்ணம் எழும். இது கையில் அள்ளினால் சலசலக்கும் சரளை.

எரிதுகளில் தழைச்சத்து ஏறக்குறைய இல்லை. மட்கு இல்லை. களித்தன்மை இல்லாததால் வேரின் அருகே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆற்றலும் குறைவு. பாறை நாள்பட உதிர்ந்து, சிதைந்து, களியாகி, அதன் பிறகே எரிமலை நிலம் வளநிலமாகிறது. அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும், மழையும் வேண்டும். லான்சரோட்டேயில் இரண்டுமே கிடைக்கவில்லை. ஆகவே எரிதுகளில் நேரடியாக நட்ட செடி காய்ந்துபோகும். உழவர்கள் இதை விரைவில் கண்டுகொண்டார்கள். அதோடு மற்றொன்றையும் கண்டார்கள்: துகள் அடுக்கு மெல்லியதாக விழுந்த இடங்களில், அடியில் இருந்த பழைய மண்ணிலிருந்து முளைத்து வந்த பயிர், வெடிப்புக்கு முன்பு அதே வயலில் விளைந்ததைவிடச் செழிப்பாக நின்றது. முற்றிலும் நாசமாகிவிட்டது என்று நினைத்த நிலத்தில் பழைய மண் அப்படியே பாதுகாப்பாகப் புதைந்து கிடக்கிறது என்பதை அந்தப் பயிர் காட்டிக்கொடுத்தது.

குழியின் கணக்கு

அடுக்கு ஒரு முழத்துக்குள் இருந்தால் துகளை விலக்கி விதைத்து மீண்டும் மூடிவிடலாம். தீவின் நடுப்பகுதியில் உள்ள லா ஹேரியாவில் அது போதவில்லை. அங்கே துகள் இரண்டு, மூன்று மீட்டர் கனம் வரை படிந்திருந்தது. எனவே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குழி தோண்டி, அதன் அடியில் பழைய மண் தென்படும் வரை இறங்கி, அங்கே நட்டார்கள். ஸ்பானிய மொழியில் இதற்கு ஓயோ என்று பெயர். குழி என்பதற்குமேல் அதில் வேறு பொருள் இல்லை. இன்று லா ஹேரியாவின் குழிகளில் மிகுதியாகத் தெரிவது மால்வசியா திராட்சைக் கொடி. ஆனால் அதே குழிகளில், கொடிகளுக்கு இடையிலும் நிலத்தின் ஓரங்களிலும், அத்தி தனக்கென்று ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறது. ஒயின் விலைக்குப் போகும் பொருள் என்பதால் திராட்சையின் வரலாறு நன்றாகப் பதிவாகியிருக்கிறது. எல் கிரிஃபோ என்னும் ஒயின் மனை 1775 முதல் இயங்குவதாகக் கணக்கு வைத்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் தின்று தீர்த்த அத்திக்கு அப்படிக் கணக்கேடு எதுவும் இல்லை.

குழி ஏன் இவ்வளவு அகலம் என்று படத்தைப் பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. அழகுக்காக அப்படி அமைத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உதிரித் துகளை நெட்டாக வெட்ட முடியாது, வெட்டினால் சரியும். சரிவு ஏறத்தாழ 30 பாகைக்கு வந்த பிறகே அது நிலைகொள்ளும். அப்படியானால், 2 மீட்டர் ஆழத்தில் மண்ணைத் தொட வேண்டுமென்றால் குழியின் வாய் 7 மீட்டர் அகலம் ஆகிவிடும். 3 மீட்டர் ஆழத்துக்கு 10 மீட்டருக்கு மேல் வேண்டும். கூம்பின் கன அளவைப் போட்டுப் பார்த்தால் முதல் குழிக்கு 25 கன மீட்டர் துகளும், இரண்டாவதற்கு 80 கன மீட்டருக்கு மேலும் அகற்ற வேண்டியிருக்கிறது. ஆழம் ஒன்றரை மடங்கு கூடினால் உழைப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. மண்வெட்டியும் கூடையும் ஒட்டகமும் மட்டுமே இருந்த காலத்தில் ஒரே ஒரு மரத்துக்காக இதைச் செய்தார்கள். துகள் கனத்த இடங்களில் மரங்களின் எண்ணிக்கை குறைந்திருப்பதற்கு இந்தக் கணக்கே போதிய விளக்கம்.

இதே அகலம் வேறொரு வகையில் மரத்துக்குச் சாதகமாக அமைந்துவிடுகிறது. 10 மீட்டர் வாய் உள்ள குழியின் பரப்பில் 150 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,800 லிட்டர் தண்ணீர் ஆகிறது. நெருக்கமாக நட்டிருந்தால் பத்துக் கொடிகள் பங்குபோட்டிருக்கும் அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரே அத்திக்கு உரியது. துகளின் மேல் விழும் மழை ஓடி வீணாவதில்லை. சல்லடையில் விழுந்ததுபோல் அந்தந்த இடத்திலேயே இறங்கிவிடும்.

நட்டவுடன் வேலை முடிவதில்லை. வடகிழக்கிலிருந்து வரும் வாணிபக் காற்று கோடை முழுவதும் தீவை விடாமல் அறைந்துகொண்டிருக்கும். இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதோடு துகளையும் குழிக்குள் தள்ளும். எனவே குழியின் காற்று வரும் பக்கத்து விளிம்பில், சாந்து எதுவும் இல்லாமல், எரிகற்களை அடுக்கி அரைவட்டச் சுவர் எழுப்புகிறார்கள். இதற்குச் சோகோ என்று பெயர். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இடைவெளி விட்டே அடுக்குவார்கள்; காற்று முழுவதும் தடுபட்டால் சுவரைத் தாண்டிச் சுழன்று விழும், சிறிது ஊடுருவ விட்டால் வேகம் தணிந்து போகும். இந்தச் சுவருக்குள் வளரும் அத்தி மேலே போவதில்லை. சுவருக்கு மேல் எழும் தளிரைக் காற்று கருக்கிவிடுவதால் கிளைகள் பக்கவாட்டில் படர்ந்து, குழியின் சரிவோடு சரிவாகக் கிடக்கின்றன. ஆகவே தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மரம் தெரியாது. குழியின் விளிம்புக்கு வந்து குனிந்தால்தான் அகன்ற பச்சை இலைகள் கண்ணில் படும்.

குழம்புப் பாறையிலும் அத்தி வளர்த்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. பாறை மெல்லியதாக இருந்த இடங்களிலும், குகைக் கூரை தானாக இடிந்து விழுந்த பள்ளங்களிலும், பிளவுகளை அகலப்படுத்தி அடியில் உள்ள மண்ணை எட்டினார்கள். சாபோகோ எனப்படும் இந்தப் பாறைக் கிணறுகளில் சுவரே தேவையில்லை, பாறையே சுவர். மன்ரீகே கண்ட மரமும் இவ்வாறு பாறைக்குள் நின்றதுதான். இலாரியோ மேட்டிலோ தோண்டினால் மண் கிடைக்காது. அங்கே 13 மீட்டர் ஆழத்தில் வெப்பம் 600 பாகை செல்சியஸை எட்டுகிறது. குழாயில் ஊற்றிய தண்ணீர் சில நொடிகளில் நீராவியாகப் பீறிட்டு மேலே வருவதையும், குழிக்குள் போட்ட காய்ந்த முட்புதர் தானே தீப்பற்றுவதையும் வருவோருக்குச் செய்து காட்டுகிறார்கள். துறவியின் கதை உண்மையோ புனைவோ, நெருப்பை உண்டு பூ வளராது என்று சொன்ன ஊரார் இடத்தைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள்.

மூடி செய்யும் வேலை

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இரவுப் பனியைத் துகள் உறிஞ்சி மரத்துக்குக் கொடுக்கிறது என்று பலரும் சொல்வார்கள். கடற்காற்று ஈரமானது, இரவில் துகளின் மேற்பரப்பு குளிர்ந்து ஈரம் படிவதும் உண்மை. ஆனால் அந்த ஈரம் மேலேயே தங்கி, காலை வெயிலில் மேலேயே ஆவியாகிறது. வேர் இருக்கும் ஆழத்துக்கு இறங்குவது மிகச் சொற்பம். பனியால் வாழும் மரம் என்பது கேட்க இனிமையான விளக்கம்தான். மண்ணியல் ஆய்வுகளோ குளிர்கால மழையைக் காப்பாற்றி வைக்கும் வேலைக்கே முதலிடம் தருகின்றன.

அந்த வேலை நடக்கும் விதம் எளியது. களிமண் வெறுமையாகக் கிடந்தால், நுண்ணிய துளைகள் வழியே அடியில் உள்ள ஈரம் திரிவிளக்கில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலே ஏறி ஆவியாகிக்கொண்டே இருக்கும். மேலே பருத்த துகள் அடுக்கு இருந்தால் துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளி பெரிது; திரி அங்கே அறுந்துவிடுகிறது. ஈரம் மேலேற வழியில்லாமல் மண்ணிலேயே தங்குகிறது. துகளின் துளைகளில் நிறைந்திருக்கும் காற்று வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. எனவே நண்பகலில் மேற்பரப்பில் கை வைக்க முடியாத சூடு இருந்தாலும், சில அங்குலம் கீழே மண் மிதமாகவே இருக்கும். ஆவியாதல் குறைவதால் உப்பும் மேலே வந்து படிவதில்லை. கடல் சூழ்ந்த வறண்ட தீவில் இது சிறிய நன்மை அன்று. தெனெரீஃபேத் தீவில் உள்ள லா லகுனா பல்கலைக்கழகத்து மண்ணியலாளர்கள் இந்த வயல்களை நெடுங்காலம் அளந்து ஆராய்ந்தவர்கள். பக்கத்தில் மூடாமல் கிடக்கும் மண் வறண்ட நில வகையில் சேரும்போது, துகள் மூடிய அதே மண் அந்த வகைக்கு வெளியே போய்விடுகிறது என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

உழவர்களின் இந்தக் கண்டுபிடிப்புக்கு உண்மையான சோதனை, எரிமலை துகளைப் பரப்பாத இடத்தில் நடந்தது. துகள் விழாமல் தப்பிய பகுதிகளின் உழவர்கள், தப்பியதை நினைத்து மகிழவில்லை. துகள் விழுந்த நிலத்தைப் பார்த்து, மலையிலிருந்து துகளைக் கொண்டுவந்து தங்கள் வயலில் ஒரு சாண் அளவுக்குள் தாங்களே பரப்பினார்கள். உழவும் காற்றும் மண்ணைத் துகளோடு கலந்துவிடுவதால் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். துகளில் சத்து இருந்ததால் செய்தார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. எரு தனியாக இடப்பட்டது. ஆட்டெருவும் ஒட்டக எருவும் அதற்குப் பயன்பட்டன.

அத்தி இந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தியதற்கு அதன் இயல்பே காரணம். விதை வேண்டாம், முருங்கைக்குச் செய்வதுபோல் போத்து வெட்டி, இலை உதிர்ந்திருக்கும் குளிர்காலத்தில் குழியின் அடியில் சாய்த்து நட்டால் போதும். மழை பெய்யும் மாதங்களில் மரம் இலையின்றி உறங்குகிறது. தண்ணீர் செலவாகாமல் மூடிக்கு அடியில் சேர்கிறது. வசந்தத்தில் துளிர்க்கும்போது அந்த இருப்பிலிருந்து எடுக்கத் தொடங்குகிறது. வேர், குழியின் எல்லையோடு நிற்காமல், புதைந்த மண்ணுக்குள் துகளுக்கு அடியில் வெகுதூரம் ஓடுகிறது. உப்பையும் ஓரளவு தாங்கும். நீர்ப்பாசனம் இல்லாமலே இத்தனையும் நடக்கிறது.

பழம்

அத்தி பூத்தாற்போல என்று அரிய வருகையைச் சொல்கிறோம். பூ தெரியாததற்குக் காரணம், நாம் காய் என்று பார்ப்பதே பூங்கொத்து என்பதுதான். நூற்றுக்கணக்கான பூக்கள் உட்புறமாகத் திரும்பி அதற்குள் அடைந்திருக்கின்றன. சில வகைகளுக்கு நுண்ணிய குளவி ஒன்று உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் நிற்கும். வீட்டுத் தோட்டங்களில் பரவலாக வளர்க்கப்படும் பொதுவகை அத்திக்குக் குளவி தேவையில்லை, கருவுறாமலே பழுத்துவிடும். அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்ற நம் பழமொழி நாட்டு அத்திக்குச் சொன்னது. இந்தப் பழத்தைப் பிட்டால் தேன் நிறத்திலோ செந்நிறத்திலோ சதையும் மணல்போல் நெறுநெறுக்கும் விதையும்தான் இருக்கும்.

பல அத்தி வகைகள் ஆண்டுக்கு இருமுறை காய்க்கும். கடந்த ஆண்டின் கிளையில் வரும் முதல் காய்ப்பு கோடையின் தொடக்கத்தில் பழுக்கிறது. ஸ்பானியர் அதை ப்ரேவா என்பார்கள். பருத்து, நீர் மிகுந்து, சுவை சற்று மங்கலாக இருக்கும். நடப்பாண்டின் தளிரில் வரும் இரண்டாவது காய்ப்பே ஈகோ என்னும் உண்மையான அத்தி. அது கோடையின் பிற்பகுதியில் வருகிறது. சிறியது, அடர்ந்த இனிப்பு உடையது. தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் நாடுகளில் இந்த இரண்டாம் காய்ப்பின் நேரத்தில் மழை வந்துவிட்டால் பழம் வெடிக்கும். வெடித்த பழம் மரத்திலேயே புளிக்கும். லான்சரோட்டேயில் ஆகஸ்டில் மழை என்ற பேச்சே இல்லை. காற்று வறண்டது, வெயில் தடையில்லாதது, குழிக்குள் காற்றடங்கிய வெதுவெதுப்பு. மரத்தை வாட்டும் அதே வறட்சி பழத்துக்கு ஏற்றதாகிவிடுகிறது. எரிமலையின் தாதுக்கள் பழத்தில் இறங்கிச் சுவை கூட்டுகின்றன என்ற விளம்பரப் பேச்சைவிட, மழையில்லாத ஆகஸ்டு என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. சகாராவிலிருந்து கலிமா என்னும் புழுதிக் காற்று வீசும் நாட்களில் மட்டும் கணக்கு தவறுகிறது. வெப்பம் திடீரென ஏறி, பழுக்காத காயும் சுருங்கிவிடும்.

எப்போது பறிப்பது என்பதில் அத்தி மன்னிப்பதில்லை. மாங்காயைப்போல் வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்க இயலாது. பறித்த பிறகு மெத்தென்று ஆகுமே தவிர இனிப்பு ஏறாது. காம்பிலிருந்து வெண்பால் வடிந்தால் அது இன்னும் காய். அந்தப் பால் உதட்டில் பட்டால் எரியும், தோலில் பட்டு வெயிலும் பட்டால் புண்ணாகும். பழுத்த அத்தி தன் கழுத்தைத் தொங்கவிடும். விறைப்பாக நின்ற காம்பு தளர்ந்து, பழம் கீழ்நோக்கிச் சாயும். தோலில் நெடுக்காக வெண்கோடுகள் விரியும். அடியில் உள்ள கண்ணில் தேன்போல் ஒரு துளி திரண்டு நிற்கும். அந்தத் துளி தெரிந்த பழத்தை மறுநாளைக்கு என்று விட்டுவைத்தால் பறவையோ பல்லியோ எடுத்துக்கொள்ளும். இத்தீவுகளுக்கே உரிய அட்லாந்திக் பல்லி எரிகல் இடுக்குகளில் வாழ்கிறது, கனிந்த பழத்தை விடாது.

பறிக்க நல்ல நேரம் விடியற்காலை. இரவில் குளிர்ந்த பழம் அப்போது இறுக்கமாக இருக்கும். நடுப்பகலில் எடுத்தால் கையிலேயே கசியும். சரிவில் இறங்கும்போது துகள் காலுக்கடியில் சரசரவென்று நழுவுவதால், பறிப்பவர் குழியின் அடிவரை போவதைத் தவிர்த்து, விளிம்பிலிருந்து எட்டும் கிளைகளையே முதலில் பறிப்பார். தின்னும் முறை ஆளுக்கு ஆள் மாறும். தோல் மெல்லியதாக இருந்தால் அப்படியே கடிக்கலாம். தடித்திருந்தால் காம்புப் பக்கத்திலிருந்து நான்காகக் கீறி, மலர்போல் விரித்து, சதையை மட்டும் பல்லால் வாரிக்கொள்ள வேண்டும். ஆட்டுப்பாலில் செய்த உப்புப் பாலாடைக்கட்டி ஒரு துண்டு உடன் இருந்தால், அத்தியின் இனிப்பு திகட்டாமல் இன்னும் சில பழங்களுக்கு இடம் கொடுக்கும். பறித்த பழம் இரண்டு நாளைக்குமேல் தாங்காது. ஆகவே குழியருகே நின்று தின்பவருக்குக் கிடைக்கும் பழம் வேறு, காயாகப் பறித்து வெளியூர் அனுப்பிய பெட்டியில் கிடைக்கும் பழம் வேறு.

தின்று தீராததைக் காயவைத்தார்கள். பச்சைப் பழத்தின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நூறு கிராமில் 16 கிராம் அளவில் இருக்கும் சர்க்கரை, உலர்ந்த பழத்தில் 48 கிராம் ஆகிறது. கரிய தரையும் ஓயாத காற்றும் இந்த வேலையை விரைவாக முடித்துக்கொடுத்தன. பரப்பிய பழத்தைப் புரட்டி, பனியிறங்கும் முன் மூடி, காய்ந்தபின் கையால் தட்டையாக அழுத்திச் சேமித்தார்கள். வறுத்த தானியத்தை அரைத்த கோஃபியோ மாவும் ஒரு பிடி உலர்ந்த அத்தியும் வயலுக்கும் கடலுக்கும் போனவர்களின் மதிய உணவாக நெடுங்காலம் இருந்தன. பால் சுண்டிய ஆண்டிலும் மழை பொய்த்த ஆண்டிலும் வீட்டில் இனிப்பு என்று இருந்தது இதுவே.

இன்றைய நிலை

1824-இல் ஜூலை முதல் அக்டோபர் வரை நடந்ததே தீவின் கடைசி வெடிப்பு. 1974-இல் திமன்ஃபாயா தேசியப் பூங்காவாயிற்று. 1993-இல் யுனெஸ்கோ தீவு முழுவதையும் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. லா ஹேரியா பாதுகாக்கப்பட்ட நிலக்காட்சியாக இருக்கிறது. 2025-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு, லான்சரோட்டேயின் எரிமலை மணல் சாகுபடியை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பட்டங்கள் குழியின் வடிவத்தைக் காக்கும்; குழிக்குள் இறங்கி வேலை செய்யும் ஆளைக் கொண்டுவந்து தரமாட்டா.

உண்மையான இடர் அங்கேதான் இருக்கிறது. குழிக்குள் எந்த இயந்திரமும் இறங்காது. கவாத்து, எரு, களை, சரிந்த துகளை மேலே ஏற்றுவது, விழுந்த கல்லைச் சுவரில் திரும்ப வைப்பது என எல்லாமே கைவேலை. சுற்றுலா விடுதியில் கிடைக்கும் சம்பளத்தோடு அந்த வேலை போட்டியிட முடியாது. புதிதாகத் திராட்சை நடுபவர்கள் சிலர் குழிகளைக் கைவிட்டு, நீண்ட கால்வாய்போல் தோண்டி அதன் ஓரத்தில் நேர்ச்சுவர் எழுப்புகிறார்கள். ஒரே நிலத்தில் கூடுதல் கொடிகள் பிடிக்கும். திராட்சைக்கு ஒயின் விலை இருப்பதால் அந்தச் செலவு கட்டுபடியாகிறது. இரண்டு நாளில் அழுகும் அத்திக்கு அந்த விலை இல்லை. எனவே அத்திக்குழியைத் தனியாகப் பராமரிப்பதற்குக் கணக்குப்படி நியாயம் சொல்வது கடினம். பாட்டன் நட்டது என்பதாலும், ஆகஸ்டில் பழம் வேண்டும் என்பதாலும் மட்டுமே பலர் அதைச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பராமரிப்பு நின்றால் முதலில் போவது சுவர். கல் விழுந்த இடைவெளியில் காற்று நுழைந்து துகளைத் தள்ளத் தொடங்கும். குழி ஆண்டுக்கு ஆண்டு ஆழம் குறையும். திராட்சைக் கொடி கவாத்து இல்லாமல் சில ஆண்டுகளில் நலிந்துவிடும். அத்தி அவ்வளவு எளிதில் போவதில்லை. துகளுக்குள் புதைந்த கிளை, அடியில் ஈரம் எட்டினால், தானாகவே வேர்விட்டு இன்னொரு மரமாகும். அப்படி நிரம்பிய குழியில் நிலமட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வட்டமாகப் பச்சை இலைகள் நிற்கும். ப்ரேவாக்கள் பழுத்து உதிரும். ஈகோக்கள் கிளையிலேயே சுருங்கி, கழுத்து வளைந்து, காய்ந்து தொங்கும். அவற்றின் அடிப்பக்கம் பல்லிகள் கடித்த வடுவோடு இருக்கும்.